அட்டைப்பெட்டியில் 6,400, படத்தில் 2,300

எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி850 ஸ்கேனரின் அட்டைப்பெட்டியில் 6,400 டிபிஐ என்று போட்டிருக்கும். பிலிமின் ஓர் அங்குல நீளத்தில் 6,400 புள்ளிகளைப் பிரித்துப் படிக்கும் என்பது கணக்கு. நுண்கோடுகள் வரைந்த சோதனைத் தகட்டை அதில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. அமெரிக்க விமானப்படை 1951-ல் வகுத்த மாதிரி அது. அதில் கோடுகள் வரவர மெலிந்து நெருங்கிக்கொண்டே போகும். எந்த இடத்தில் இரண்டு கோடுகள் கலங்கி ஒன்றாகத் தெரிகின்றனவோ, ஸ்கேனரின் உண்மையான திறன் அங்கே முடிகிறது. வி850-க்கு அது 2,300 டிபிஐ வாக்கில் முடிந்துவிடுகிறது. விலை குறைந்த வி600-இன் பெட்டியிலும் 6,400தான். சோதனையில் 1,500-ஐச் சற்றே தாண்டும். பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் 8200ஐ என்ற சிறு ஸ்கேனர் 7,200 என்று சொல்லிக்கொண்டு 3,250 வரை தருகிறது.

கம்பெனிகள் பொய் சொல்கின்றன என்று சொல்லிவிட முடியாது. சென்சார் நிஜமாகவே அங்குலத்துக்கு அத்தனை தடவை அளக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸால்தான் அவ்வளவு நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. மங்கலாக வந்ததை எவ்வளவு நெருக்கமாக அளந்தாலும் மிஞ்சுவது பெரிய கோப்பு மட்டும். 35 மி.மீ. பிலிமின் ஒரே ஒரு படத்தை 7,200 டிபிஐயில், 48 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் 400 எம்பியைத் தாண்டுகிறது. ஒரு கல்யாணத்து நெகட்டிவ்களுக்கே ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடும். படத்தில் கூடுதலாக ஒரு முகம்கூடத் தெளிவாகத் தெரியாது.

ஸ்கேனர் வாங்க நினைக்கும் பலர் இந்த எண்களோடு மல்லுக்கட்டியே களைத்துப் போகிறார்கள். எது நல்ல ஸ்கேனர் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் கிடப்பது எந்தப் பிலிம் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். நெகட்டிவை ஓரத்தில் மட்டும் விரல் படும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே காட்டி, அகலத்தை அளந்து, ஓரத்துத் துளைகளைக் கவனித்தால் வகை பிடிபட்டுவிடும்.

35 மி.மீ. அகலம், இரண்டு ஓரத்திலும் துளைகள், ஒரு படத்துக்கு எட்டுத் துளை என்றால் அது 135. கோடாக் 1934-ல் கொண்டுவந்த சுருள். படத்தின் அளவு 24×36 மி.மீ. யாஷிகாவோ கோடாக் கேபி10-ஓ வைத்துக் கலர் படம் எடுத்த வீடுகளில் உறை உறையாகக் கிடப்பது இதுதான். ஒரே சுருளில் இரண்டு மடங்கு படம் எடுக்கும் அரை பிரேம் கேமராக்களும் உண்டு. 1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் அப்படிப்பட்டது. வழக்கொழிந்துவிட்டது என்று நினைத்திருந்த அந்த வகையில் 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புதுக் கேமராவே வந்திருக்கிறது. அரை பிரேமில் படம் 18×24 மி.மீ. மட்டும்.

துளையே இல்லாமல், அகலம் 61 மி.மீ. என்றால் 120. பிரவுனி கேமராவுக்காக 1901-ல் வந்த இந்தப் பிலிம் இன்றும் புதிதாகத் தயாராகிறது. இந்தியாவிலேயே தயாரான அக்ஃபா கிளிக் III, ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் மாட்டியிருந்த யாஷிகா மேட் 124ஜி, ரோலிஃபிளக்ஸ் எல்லாம் இதன் மேல்தான் ஓடின. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். ஆறுக்கு ஆறு என்பார்கள். அளந்தால் 56 மி.மீ. இருக்கும். இதே பிலிமை மெல்லிய கட்டையில் சுற்றி 620 என்று விற்றதும் உண்டு. கழுவி வெட்டியபின் ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மற்றவை அபூர்வம். 46 மி.மீ. அகலத்தில் 127. கார்ட்ரிட்ஜில் வந்த 126, 1963-ஐச் சேர்ந்தது. அகலம் 35 மி.மீ. ஆனாலும் ஒரு படத்துக்கு ஒரே துளை, படம் சதுரம். 1972-ல் வந்த 110 அதைவிடப் பொடி, 13×17 மி.மீ. 1996-ல் வந்த ஏபிஎஸ் கழுவின பிறகும் தன் டப்பிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். டப்பியின் அடியில் நான்கு குறிகள் இருக்கும். நான்காவதான செவ்வகத்தில் வெள்ளை தெரிந்தால் கழுவியாயிற்று என்று அர்த்தம்.

ஸ்டூடியோ வைத்திருந்த குடும்பம் என்றால் தட்டை பிலிமும் கண்ணாடியும் சேர்ந்துகொள்ளும். மூன்றே காலுக்கு நாலே கால் அங்குலம் குவார்ட்டர் பிளேட். நாலே முக்காலுக்கு ஆறரை ஹாஃப் பிளேட். வெளிநாட்டு வழக்கில் நாலுக்கு ஐந்து அங்குல ஷீட்.

இந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு டிபிஐ எண்ணுக்குத் திரும்பினால் கணக்கு தலைகீழாகிறது. வி850-இன் உண்மையான 2,300 டிபிஐயையே எடுத்துக்கொள்ளலாம். நாலுக்கு ஐந்து ஷீட்டில் அது 100 மெகாபிக்சலுக்கு மேல் தருகிறது. 120-இன் சதுரப் படத்தில் 25. 35 மி.மீ. படத்தில் வெறும் 7. 110-க்கு வந்தால் 2-க்கும் கீழே. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒழுங்கான பிரிண்ட் போட எட்டரை மெகாபிக்சலாவது வேண்டும். ஸ்கேனர் ஒன்றேதான்; பெரிய நெகட்டிவில் சுவரளவுப் படம் தருகிறது, சின்ன நெகட்டிவில் அஞ்சலட்டைக்குச் சற்று மேல். பிலிம் சிறுக்கச் சிறுக்க ஸ்கேனர் உசத்தியாக வேண்டும். நடைமுறையில் ஆட்கள் செய்வது இதற்கு நேர் எதிர். சின்னப் பிலிம்தானே என்று சின்ன விலையில் ஒன்றை வாங்கிவிட்டு, தாத்தாவின் பெரிய நெகட்டிவ்களுக்காகப் பணம் சேர்க்கிறார்கள்.

பெரிய நெகட்டிவின் பெருந்தன்மைக்குச் சிகாகோவில் நடந்தது நல்ல உதாரணம். 2007-ல் ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஏலத்தில் ஒரு பெட்டி நெகட்டிவ் எடுத்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மையர், வாழ்நாள் முழுக்கத் தெருவில் எடுத்துக் குவித்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த படங்கள் அவை. பின்னால் கிடைத்ததையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். மலூஃப் அவற்றைத் தானே ஸ்கேன் செய்து 2009-ல் இணையத்தில் போட, உலகம் திரும்பிப் பார்த்தது. அவற்றில் பெரும்பகுதி ரோலிஃபிளக்ஸில் எடுத்த 120 சதுர நெகட்டிவ். சாதாரணமான ஸ்கேனில்கூட எடுபடுகிற சரக்கு.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. நெகட்டிவில் இல்லாததை எந்த ஸ்கேனரும் எடுத்துத் தராது. கிளிக் III-இல் இருந்தது மிக எளிய லென்ஸ். படத்தின் நடுப்பகுதி சுமாராகத் தெளிந்து, மூலைகள் கலங்கியிருக்கும். அந்த நெகட்டிவுக்கு வி600-இன் 1,500 டிபிஐயே தாராளம். அதே 120 பிலிமில் நல்ல ரோலிஃபிளக்ஸ் லென்ஸ் பதித்த படம் என்றால் மேலே போக நியாயம் உண்டு.

தட்டை ஸ்கேனர்தான் பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் கண்ணில் படுவது. ஜெராக்ஸ் மெஷின்போல் மூடியைத் திறந்து வைக்கும் வகை. பிலிமுக்கானதில் மூடிக்குள்ளும் ஒரு விளக்கு இருக்கும்; வெளிச்சம் பிலிமை ஊடுருவிக் கீழே இறங்க வேண்டுமே. இந்த விளக்கின் அகலத்தில்தான் வாங்குபவர்கள் ஏமாந்து போகிறார்கள். வி600-இன் மூடியில் வெளிச்சம் வருவது சுமார் 68 மி.மீ. அகலப் பட்டையில் மட்டும். 35 மி.மீ.-க்குப் போதும், 120-க்கும் போதும். குவார்ட்டர் பிளேட்டின் குறுகிய பக்கமே 82 மி.மீ.! கண்ணாடியின் மேல் நெகட்டிவை வைத்து ஸ்கேன் ஓட்டினால் மணமக்கள் நடுவில் ஒழுங்காக இருப்பார்கள், ஓரத்தில் நிற்கும் மாமன்மார் இருட்டில் அமுங்கிவிடுவார்கள். இரண்டு தடவையாக எடுத்து ஒட்டலாம்தான். ஒட்டிய இடத்தில் வெளிச்சம் ஒத்துப்போகாமல் கோடு விழும். பத்துப் படத்தோடு பொறுமை தீரும். பிளேட் நெகட்டிவ் இருக்கிற வீட்டுக்கு வி700, வி750, வி800, வி850 வரிசைதான். அவற்றின் மூடியில் எட்டுக்குப் பத்து அங்குலம் வரை வெளிச்சம் வரும்.

வி850-க்குள் லென்ஸ் இரண்டு. சட்டத்தில் மாட்டிய பிலிமுக்கு ஒன்று. அது கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே குவியும். கண்ணாடியோடு ஒட்டி வைப்பதற்கு இன்னொன்று. மென்பொருளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த லென்ஸ் வேலை செய்யும். சட்டத்தில் இருக்கும் பிலிமை, கண்ணாடி மேல் கிடப்பதாகச் சொல்லி ஓட்டினால் படம் மங்கும். சட்டத்தின் கால்களை ஏற்றி இறக்க வசதி இருக்கிறது. ஒரே நெகட்டிவை ஒவ்வோர் உயரத்திலும் எடுத்து, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பிலிமின் குருணை எதில் கூராகத் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் அதன்பின் மாற்ற வேண்டாம். இந்த ஒரு மாலை வேலையைச் செய்யாமல் ஸ்கேனரைத் திட்டுபவர்கள் ஏராளம். சட்டத்தின் தலைப்பக்கம் காலியாக விட்டிருக்கும் நீள் துளையை நெகட்டிவாலோ பேப்பராலோ மூடிவிடக் கூடாது. ஸ்கேனர் தன் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள்வது அந்த வழியாக. மூடினால் படம் நெடுகக் கோடு விழும்.

35 மி.மீ. மட்டும்தான் இருக்கிறது, ஆனால் நிறைய இருக்கிறது என்றால் தட்டை ஸ்கேனரை மறந்துவிட்டு அதற்கென்றே செய்த சிறு ஸ்கேனரைப் பார்ப்பது உத்தமம். பிளஸ்டெக் 8100, 8200ஐ, 8300ஐ எல்லாம் இந்த ரகம். மேசை மூலையில் உட்கார்ந்துவிடும். ஆறு படத் துண்டு ஒன்றைச் சட்டத்தில் வைத்து மூடி, பக்கவாட்டில் செருகி, கையால் தள்ள வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ‘டிக்’கென்று ஓரிடத்தில் நிற்கும். தானாக நகராது. அகச்சிவப்புத் தூசி நீக்கத்தோடு ஒரு படத்துக்குச் சில நிமிடம் ஆகும். 36 படம் கொண்ட ஒரு ரோலுக்கு ஒரு சினிமா பார்க்கிற நேரத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். வேகம் கிடையாது, தரம் உண்டு. வி850-இன் விலையில் ஒரு பகுதிக்கே, 35 மி.மீ.-இல் அதைவிட நுணுக்கமாகப் படிக்கும்.

ஒரு எச்சரிக்கை: 126 பிலிம் அகலத்தில் 35 மி.மீ.-தானே என்று இந்தச் சட்டத்தில் மாட்டினால், சதுரப் படத்தின் மேலும் கீழும் நறுக்கப்பட்டுவிடும். சட்டத்தின் ஜன்னல் 24 மி.மீ. உயரத்துக்கு வெட்டியது.

நிக்கான் கூல்ஸ்கேன் வரிசையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. கூல்ஸ்கேன் 5000-இன் பெட்டியில் 4,000 டிபிஐ என்று இருக்கும், சோதனையில் 3,900. சொன்ன சொல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த ஸ்கேனர் வேறு இல்லை என்றே சொல்லலாம். 120-க்கு 8000, 9000 என்ற பெரிய மாடல்கள் இருந்தன. ஏபிஎஸ் டப்பியை அப்படியே செருக ஓர் அடாப்டர்கூட விற்றார்கள். 2010 வாக்கில் நிக்கான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. பழைய சந்தையில் இன்றும் அவற்றுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

வாங்கலாமா? இயந்திரம் உழைக்கும், கூட இருந்தவை போய்விட்டன. நிக்கானின் ஸ்கேன் மென்பொருள் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுபோனது. 8000-க்கும் 9000-க்கும் ஃபயர்வயர் கேபிள் வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. மென்பொருள் சிக்கலுக்கு வியூஸ்கேன் இருக்கிறது. எட் ஹாம்ரிக் என்பவர் 1998-ல் எழுதத் தொடங்கிய இந்த மென்பொருள், கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களை இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓடவைக்கிறது. உள்ளே கண்ணாடியில் தூசி படிந்தாலோ மோட்டார் நின்றாலோ நிக்கானிடம் போக முடியாது. பழுது பார்க்கத் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் துணியலாம். இரண்டாம் கையாக வாங்குகிறவர் விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு படத்தை முழுசாக ஸ்கேன் செய்து காட்டச் சொல்வது நல்லது. பளிச்சென்ற வெள்ளையைச் சுற்றிப் புகைபோல் கசிந்தால் உள் கண்ணாடி அழுக்கு.

தூசி நீக்கம் என்று போகிறபோக்கில் சொன்னதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெகட்டிவ் சுத்தம் செய்பவர்களின் பாதி ஆயுளைத் தின்கிற வேலை அது. டிஜிட்டல் ஐஸ் என்ற உத்தியை அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துக் கம்பெனி ஒன்று உருவாக்கியது. 2003-ல் கோடாக் அதை வாங்கிக்கொண்டது. கலர் நெகட்டிவில் படமாக இருப்பது சாயம். அகச்சிவப்பு ஒளி சாயத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். தூசியிலும் கீறலிலும் மட்டும் மறிபடும். ஆகவே அகச்சிவப்பில் ஒரு தடவை எடுத்தால் தூசியின் வரைபடம் மட்டும் தனியாகக் கிடைத்துவிடுகிறது. அந்த இடங்களை அக்கம்பக்கத்து நிறத்தால் மென்பொருள் நிரப்பும். முப்பது வருடம் அலமாரியில் கிடந்த கலர் நெகட்டிவ் சில நிமிடத்தில் கழுவித் துடைத்தது போலாகிவிடும்.

கறுப்பு வெள்ளையில் இது நடக்காது. அங்கே படமாக இருப்பது வெள்ளி. அகச்சிவப்பு அதிலும் மறிபடும். மென்பொருள் மணப்பெண்ணின் கூந்தலையே தூசி என்று நினைத்துக் குதறிவிடும். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளை ரோல்களும் இந்த வகைதான். கையிருப்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை என்றால் அகச்சிவப்பு வசதிக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பிளஸ்டெக் 8200ஐ, 8300ஐ இரண்டிலும் அது உண்டு. விலை குறைந்த 8100-இல் இல்லை. கறுப்பு வெள்ளைக்காரருக்கு 8100 போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல ரப்பர் காற்றூதியும் மென்தூரிகையும் வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒரு சின்ன விலக்கு, இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற பிலிம்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலர் மருந்தில் கழுவுபவை, படம் சாயத்தால் ஆனது. அவற்றில் ஐஸ் வேலை செய்யும். 2010 இறுதியோடு கழுவும் இடமே இல்லாமல் போன கோடாக்ரோம் ஸ்லைடு மறுபக்கத்து விலக்கு: கலர்தான், ஆனாலும் பல ஸ்கேனர்களின் ஐஸ் அதில் தடுமாறும்.

பெட்டியில் இன்னோர் எண்ணும் இருக்கும்: டிமேக்ஸ் 3.4, 4.0 என்று. பிலிமின் எவ்வளவு அடர்ந்த கறுப்பு வரைக்கும் ஸ்கேனர் ஊடுருவும் என்பதன் அளவு. ஒன்று கூடினால் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஸ்லைடு வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும். நெகட்டிவ் அவ்வளவு அடர்வதில்லை.

அண்மை ஆண்டுகளில் ஸ்கேனரே வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, கீழே வெளிச்சப் பலகை வைத்து, நெகட்டிவையே போட்டோ பிடித்துவிடுகிறார்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் 35 மி.மீ. படத்தைச் சரியாகச் சட்டம் நிறைய எடுத்தால் 4,200 டிபிஐக்கு ஒப்பு. கூல்ஸ்கேனுக்குச் சமானம், ஒரு படத்துக்கு ஒரு நொடி! கேமரா ஏற்கெனவே கையில் இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் 120-க்குப் போனால் அதே கேமரா 56 மி.மீ. சதுரத்தைத் தன் 24 மி.மீ. உயரத்துக்குள் அடக்க வேண்டும்; 1,800 டிபிஐக்கு இறங்கிவிடும். வி850 அதைத் தாண்டும். பிலிம் பெரிதாகும்போது தட்டை ஸ்கேனர் ஜெயிக்கிறது, சிறிதாகும்போது கேமரா ஜெயிக்கிறது. அரை பிரேமும் 110-உம் வைத்திருப்பவர்கள் கேமரா வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 110-க்கு ஸ்கேனர் கம்பெனிகள் சட்டம் தருவதே அபூர்வம். 3டி பிரிண்டரில் செய்து விற்பவர்களிடம்தான் கிடைக்கும்.

கேமரா வழியில் பாடுபடுத்துவது மூன்று விஷயம். கேமராவும் பிலிமும் இணையாக நிற்க வேண்டும். இதற்குப் பழைய ஸ்டூடியோ உத்தி ஒன்று இருக்கிறது: நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, கேமரா வழியே பார்த்தால் லென்ஸின் பிம்பம் தெரியும். அது திரையின் நட்டநடுவில் வரும்வரை திருகினால் இணை சரி. அடுத்து வெளிச்சம். செல்போன் திரையையோ ஐபேடையோ விளக்காக வைத்தால் அதன் புள்ளிகளே படத்தில் பதியும். நிறத்தைக் காட்டும் தரக்குறியீடு 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகை வேண்டும். கடைசியாகக் கலர் நெகட்டிவின் ஆரஞ்சுத் திரை. வெறுமனே நிறத்தைத் தலைகீழாக்கினால் எல்லா முகமும் நீலம் பாய்ந்துவிடும். நெகட்டிவ் லேப் புரோ போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. தூசிக்கு அகச்சிவப்பு உதவி இதில் கிடையாது. கையால் துடைத்துக் கையால் திருத்த வேண்டியதுதான்.

கண்ணாடி நெகட்டிவ்களுக்கும் பெரும்பாலும் இந்த வழியே நல்லது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கும் வேலையை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. அப்படிப்பட்ட தொகுப்புகளில் வரும் பிளேட்களில் ஓரம் உடைந்திருக்கும், பூச்சு செதில் செதிலாகக் கிளம்பியிருக்கும். அதைத் தட்டை ஸ்கேனரில் பூச்சுப் பக்கம் கீழாகக் கவிழ்த்தால், எடுக்கும்போது செதில் ஸ்கேனரோடு தங்கிவிடும். வெளிச்சப் பலகையில் பூச்சு மேலாக வைத்து, தொடாமல் மேலிருந்து படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் இடவலத்தைத் திருப்பிக்கொள்வதே பத்திரம். எது பூச்சுப் பக்கம் என்பதைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: மங்கலாக இருப்பது பூச்சு, பளபளப்பது கண்ணாடி.

கோடாக் ஸ்கேன்சா போன்ற கைக்கடக்கப் பெட்டிகள் இணையக் கடைகளில் கண்ணைப் பறிக்கும். 135, 126, 110 எல்லாம் ஏற்கும், கம்ப்யூட்டர் வேண்டாம், பொத்தானை அமுக்கினால் படம். உள்ளே இருப்பது 14 மெகாபிக்சல் குட்டிக் கேமராதான். 22 என்று விளம்பரம் சொல்வது மென்பொருள் ஊதிப் பெருக்கியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட இது ஏராளம். மாலை போட்டு மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட இது ஆகாது.

இருபது முப்பது படம்தான் தேறும் என்றால் எதையும் வாங்காமல் லேபுக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். நோரிட்ஸு, ஃப்யூஜி ஃபிரான்டியர் இயந்திரங்கள் இன்னும் ஓடுகிற லேப்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. ஒரு ரோலைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: படம் எத்தனை பிக்சலில் வரும்? அதைச் சொல்லாத லேப் மிகச் சிறிய கோப்பைக் கொடுத்துவிட்டு ஸ்கேன் ஆயிற்று என்று சொல்லும்.

ஸ்கேனர் தேர்வை ஒத்திப்போடவே முடியாத நிலைமை ஒன்றும் உண்டு. நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால், அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. சூடும் ஈரமும் அதை விரட்டும். கடலோர ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் இதைச் சோதிக்க ஒரு காகிதக் கீற்று தயாரிக்கிறது. டப்பாவுக்குள் போட்டு வைத்தால் சிதைவைப் பொறுத்து நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும். சிதையும் பிலிம் சுருங்கி வளையும். சாதாரணச் சட்டத்தில் தட்டையாக நிற்காது, நடுவில் கூர்மையும் ஓரத்தில் மங்கலுமாகவே வரும். அதை மேலே கண்ணாடி வைத்து அழுத்த வேண்டும். வழவழப்பான வெறுங்கண்ணாடி பிலிமின் பளபளப்புப் பக்கத்தைத் தொட்டால், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் வானவில் வளையங்கள் படத்தில் பதியும். லேசாகச் சொரசொரப்பாக்கிய தனிக் கண்ணாடி இதற்கென்று கிடைக்கிறது. வி800, வி850-இன் சட்டங்களில் அந்த வகைத் தகடு கூடவே வரும். கேமராச் சட்டம் விற்பவர்கள் தனியாகத் தருவார்கள்.

ஸ்கேன் முடிந்த நெகட்டிவைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளை இதைவிட நல்ல கேமரா வந்தால் மறுபடி எடுக்க அது வேண்டும். லேப் கொடுத்த பழைய உறையும் ரப்பர் பேண்டும் போதாது. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறையில் போட்டு, கோப்பின் பெயரையே உறை மேல் பென்சிலால் எழுதிவிட்டால் தேடுவது சுலபம். உறை வாங்கும்போது முகர்ந்து பார்க்கலாம்: புது ஷவர் திரைபோல் வாடை அடித்தால் அது பிவிசி. நாள்பட அது பிலிமோடு ஒட்டிக்கொள்ளும்.